நடந்த ஊரில் முதல் மேடை

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் அவர் நாடகம் பழக்குவார். கடையைச் சாத்திவிட்டு வந்தாலும் நாடா கழுத்திலேயே கிடக்கும். ஒத்திகையில் ஏதாவது பொய்யாகத் தெரிந்தால் அதன் பித்தளை முனையைப் பல்லால் கடித்துக்கொள்வார். நடிப்பவர்கள் அதைப் பார்த்ததும் வசனத்தை நிறுத்திவிடுவார்கள்.

"என்னக்கா?"

"அந்த நேரத்துல அவ கையில என்ன வச்சிருந்தா?"

"தெரியலக்கா."

"அப்புறம் எப்படி நடிக்கிற? போயி கேட்டுட்டு வா."

கேட்டுவர வெகு தூரம் போக வேண்டியதில்லை. கதைக்கு உரியவள் எதிரிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அது அவர் வகுத்த முதல் விதி. ஒரு பெண்ணுக்கு நடந்ததை நாடகமாகப் போடுவதென்றால், அந்தப் பெண் ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்து உட்கார வேண்டும். தப்பு என்று தோன்றிய இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டாவது விதி, அது எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் முதல் மேடை. மற்ற ஊர்களெல்லாம் அப்புறம். மூன்றாவது விதி என்று அவர் எதையும் சொன்னதில்லை. ஆனால் ஒன்று இருந்தது: கதையில் யார் கெட்டவனோ அவன் வீட்டுக்கு அவரே நேரில் போய் நாடகம் பார்க்க அழைத்துவிட்டு வருவார்.

கோட்டுச்சேரி கடைத்தெருவில் அவருடைய தையல் கடைக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. நாடகங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் என்ற வகையில் அவரைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாடக நோட்டீஸில்கூட அவர் அதைப் போட விட்டதில்லை. "சொன்னவங்க பேரே போடல, தைச்சவ பேரு எதுக்கு சார்?" என்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் டைலரக்கா.

சுனாமிக்குப் பிறகு கடலோரத்துக்கு வந்த தொண்டு நிறுவனங்களில் ஏதோ ஒன்று பெண்களுக்கு வீதி நாடகம் சொல்லிக்கொடுத்தது. கை கழுவுவது, கழிப்பறை கட்டுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்று நாடகங்கள். நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது ஒரு டோலக்கும் ஐந்தாறு பெண்களும் மிச்சமானார்கள். அந்த டோலக்கை வாங்கிக் கடைப் பரணில் வைத்தவர் அவர். "கை கழுவுறதெல்லாம் போதும். கழுவுன கையால என்ன பண்ணுனோம்னு போடுவோம்" என்று அன்று சொன்னாராம். இதைச் சொன்னவள் அவர் கடையில் கொக்கி கட்டிக் காஜா எடுக்கும் கோமதி. எந்த வருஷம் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

கதைகள் அவருக்குக் கடையிலேயே கிடைத்தன. "ரவிக்கைக்கு முதுகளவு எடுக்குறப்பதான் சார் பொம்பளைங்க உண்மைய பேசுவாங்க. எதிர்ல முகம் இல்லல்ல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். தோளிலிருந்து தோளுக்கு நாடாவைப் பிடித்தபடி அவர் சும்மா நிற்பாராம். அளவு எப்போதோ எடுத்தாகியிருக்கும். பேசுகிறவள் முடிக்கும் வரை நாடாவை எடுக்க மாட்டார். பெரும்பாலும் அவர்கள் தங்களுக்கு யார் என்ன செய்தார்கள் என்று சொல்லி நிறுத்துவார்கள். அவர் அங்கே நிறுத்த விடமாட்டார். "சரி, அப்புறம் நீ என்ன பண்ணுன?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அது நாடகம். இல்லையென்றால் ரவிக்கை மட்டும்தான்.

உங்கள் கதையை எப்போது போடப்போகிறீர்கள் என்று நானும் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "என்னை அளவெடுக்க ஆளு ஏது சார்?" என்றார்.

எனக்கும் அவருக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு காட்சியின் தலையிலும் வருஷம், மாதம் போட்டு அடிப்பது என் பழக்கம். அவர் அவற்றைப் பேனாவால் அடித்துத் திருப்பி அனுப்புவார். சொல்லும் பெண்கள், "மேட்டூர் தொறக்காத வருஷம்", "பெரியவ சமைஞ்ச வருஷம்", "எங்க மாமியா விழுந்த வருஷம்" என்று சொல்வார்கள். நான் அவற்றைப் பழைய செய்தித்தாள்களோடும் அணைத் தண்ணீர் விவரங்களோடும் ஒப்பிட்டு ஒரு வருஷத்தைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போவேன்.

"வருஷத்தை நீங்க வச்சுக்குங்க சார். எனக்கு காலையா சாயங்காலமான்னு தெரிஞ்சா போதும். அடுப்பு எரிஞ்சுதா அணைஞ்சுதான்னு தெரிஞ்சா போதும்."

"நாளைக்கு யாராவது இது எப்ப நடந்ததுன்னு கேட்டா?"

"கேக்குறவன் அந்த ஊருக்குப் போயி கேக்கட்டும். ஊரே சொல்லும்."

ஊரே சொல்லும் என்பதை அவர் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை என்பது கிளிஞ்சல்மேட்டில் எனக்குப் புரிந்தது. அங்கே மீன் விற்கும் அஞ்சலையின் கதை அது. ஒரு தனியார் பஸ்ஸில், கூடை நாறுகிறது என்று கண்டக்டர் அவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். ஒத்திகையில் கோமதி சாலையோரம் உட்கார்ந்து அழுதாள். நன்றாகவே அழுதாள். நாற்காலியிலிருந்து அஞ்சலை எழுந்தாள். ஆஜானுபாகுவான பெண், ஏலக் கூச்சலில் பழகிய குரல்.

"ஏய், எவடி அழுதா? நான் எங்கடி அழுதேன்?"

"பின்ன என்னக்கா பண்ணுனீங்க?"

"பசிச்சுது. இட்லி கட்டியாந்திருந்தேன். பஸ்ஸுக்கு முன்னாடி போயி நடுரோட்டுல கூடையை வச்சு, உக்காந்து, பொட்டலத்தைப் பிரிச்சேன். அந்தாளு 'எழுந்திரு எழுந்திரு'ன்னு குதிக்கிறான். 'இருய்யா, தின்னுட்டு எழுந்திருக்கிறேன். விக்கிக்கிச்சுன்னா நீயா தண்ணி தருவ'ன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டைலரக்கா சிரிக்கவில்லை. நாடாவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எந்தக் கையால பிரிச்ச?" என்றார்.

அஞ்சலை சாப்பிட்டு முடிக்கும் வரை பஸ் நின்றது. முடித்த பிறகு கூடையைத் தூக்கி மேலே ஏற்றியவர் அந்தக் கண்டக்டரேதான். நாடகத்தைக் கிளிஞ்சல்மேட்டில் ஏலம் போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் போட்டார்கள். கோமதி பொட்டலத்தைப் பிரிக்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "சட்னியும் இருந்துச்சும்மா, கெட்டிச் சட்னி! அன்னைக்கு அதே பஸ்லதான் நான் இருந்தேன்" என்று கத்தினார். அடுத்த மேடையிலிருந்து சட்னியும் சேர்ந்தது. அஞ்சலை அதன் பிறகு குழுவிலேயே சேர்ந்துவிட்டாள். அந்தக் குரலுக்கு ஆண் வேஷங்கள் எல்லாம் அவளுக்கே போயின.

இட்லி நாடகம் காரைக்காலில் நடந்தபோது பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு விழா அமைப்பாளர் பார்த்தார். மறுநாளே கோட்டுச்சேரிக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், நல்ல சட்டை. அடுத்த நாடகம் என்ன என்று கேட்டார். நெடுங்காட்டுப் பக்கத்து ராஜாத்தியின் கதை என்றார் டைலரக்கா. கதையைக் கேட்டதும் அமைப்பாளர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இதை எங்க விழாவுலதான் முதல்ல போடணும். நல்ல லைட்டு, நல்ல மைக், படிச்சவங்க கூட்டம்."

"போடுறோங்க. நெடுங்காட்டுல போட்டுட்டு வந்து போடுறோம்."

"அங்க யாரும்மா பாக்கப்போறா?"

"நடந்தப்ப பாத்தவங்க பாப்பாங்க."

அவர் விடவில்லை. விழாத் தேதி முந்திவிடும் என்றார். டைலரக்கா மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அது அடையாளம்.

ராஜாத்தியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். புருஷன் வாஞ்சூர் பக்கம் ஒரு விபத்தில் போய்விட்டான். மூன்று மா நிலம், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், அவள் பேரில் வந்தது. புருஷனின் அண்ணன் கலியமூர்த்தி அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் நானே பயிர் வைக்கிறேன் என்றாள். அவர் வாய் திறந்து மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆவணியில் வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஊரெல்லாம் நாற்றங்கால் போட்டபோது, அவள் வயலில் விதை விட ஒரு ஆள்கூட வரவில்லை. எங்கள் பக்கத்தில் நடுவது பெண்கள், பறிப்பது பெண்கள், அறுப்பதும் பெண்கள். விதை விடுவது மட்டும் ஆண் கை. பெண் விட்டால் முளைக்காது என்று ஒரு பேச்சு. அந்த ஒரு கைவேலைக்கு ஆள் வராதபடி கலியமூர்த்தி பார்த்துக்கொண்டார். முளை கட்டிய விதை மூட்டையில் சூடேறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் போனால் அழுகிவிடும். ராஜாத்தி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போய், தானே விதைத்தாள். கலியமூர்த்தி ஊரைக் கூட்டி நியாயம் கேட்டார். அதற்குள் நாற்று முளைத்துவிட்டது.

இவ்வளவுதான் கதை. இதில் ஒத்திகைக்கு வந்த பெண்களுக்குப் பொறுக்காத இடம் ஒன்று இருந்தது. முதல் விதை விழும்போது வீட்டுப் பெண்கள் வரப்பில் நின்று குலவை போடுவது வழக்கம். கோமதி கையில் விதையை எடுத்ததும் மற்றவர்கள் தன்னால் குலவை போட்டுவிட்டார்கள். ராஜாத்தி கையைத் தூக்கினாள். அவள் மெதுவாகப் பேசுகிறவள்.

"இல்லக்கா. அன்னைக்கு யாரும் போடல."

"உங்க ஓரகத்தி? கலியமூர்த்தி சம்சாரம்?" என்றாள் கோமதி.

"காந்திமதி அக்கா அவங்க வீட்டு ஜன்னல்கிட்ட நின்னாங்க. எல்லார் வீட்டுக் கதவும் சாத்தியிருந்துச்சு. எனக்கு நானே போட்டுக்கலாம்னு வாயைத் தொறந்தேன். வரல."

"அப்ப குலவை கிடையாது" என்றார் டைலரக்கா.

அஞ்சலை சண்டைக்கு வந்துவிட்டாள். "ஏங்க்கா, மேடையில விதையை எடுத்துட்டுக் குலவை போடலன்னா நல்லதா? ஒரு வாட்டி போட்டா என்ன கொறைஞ்சுடும்?"

"அன்னைக்கு இல்லாததை நாம போட்டா, அன்னைக்குக் கதவைச் சாத்துனவங்களுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"பாக்குறவங்களுக்கு நெஞ்சு அடைச்சுக்குமேக்கா."

"அடைக்கட்டும்."

நான் அந்தக் காட்சியை அப்படியே அடித்துக் கொடுத்தேன்: 'விதைக்கிறாள். யாரும் குலவை போடவில்லை.'

நாடகம் தயாரான வருஷம், நவராத்திரியில் அதைப் போடுவதாக ஏற்பாடு. ஊர் அம்மன் கோயில் திடலைத் தருவதாக நாட்டாண்மை சொல்லியிருந்தார். புரட்டாசி பாதி ஆகியும் மழை இல்லை. ராஜாத்தி சம்பா நட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். அவள் வயலுக்கு நேர் வாய்க்கால் கிடையாது. கலியமூர்த்தியின் வயலுக்குள் நுழைந்து, அவர் வரப்பில் உள்ள மடை வழியாகத்தான் அவளுக்குத் தண்ணீர் போக வேண்டும். நாடகப் பேச்சு காதில் விழுந்ததும் அவர் ஆள் மூலம் ஒரு வரி சொல்லி அனுப்பினார்: நாடகம் நடந்தால் மடை அடைபடும்.

செய்தியை எடுத்துக்கொண்டு ராஜாத்தி கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மதிய வெயிலில் நடந்து வந்த களைப்பில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மிஷின் நின்றது.

கோமதிதான் முதலில் பேசினாள். "பாண்டிச்சேரிக்காரரு கூப்புட்டாருல்ல. அங்கயே முதல்ல போட்டுடுவோம்க்கா. யாருக்கும் தெரியாது. ராஜாத்தி அக்காவுக்கும் தண்ணிக்குத் தொல்லை வராது."

டைலரக்கா அவளைப் பார்க்கவில்லை. ராஜாத்தியைப் பார்த்தார். "நெடுங்காட்டுல போடாம வேற எங்கயும் போட மாட்டேன். ஆனா நீ வேணாம்னு சொன்னா எங்கயுமே போட மாட்டேன். நடிச்சதையெல்லாம் மறந்துடுவோம். உன் நாத்து முக்கியம். யோசிச்சுச் சொல்லு. அவசரம் இல்ல."

கோமதி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். ராஜாத்தி குடித்துவிட்டுச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி வரலன்னா நாத்து காயும். அடுத்த வருஷம் நட்டுக்கலாம். ஆனா இதை வெளியில சொல்ல அடுத்த வருஷம் எனக்குத் தைரியம் இருக்குமான்னு தெரியலக்கா." பிறகு கோமதியைப் பார்த்து, "நான் விதைச்சது பாண்டிச்சேரியிலயாடி?" என்றாள்.

டைலரக்கா எழுந்து நாடாவைச் சரிசெய்துகொண்டு, "சார், வண்டி இருக்கா?" என்றார்.

எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. கலியமூர்த்தி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டைலரக்கா கும்பிட்டார்.

"உங்களை அழைக்க வந்தோங்க. சனிக்கிழமை கோயில் திடல்ல நாடகம்."

"தெரியும். எங்க வீட்டு விஷயத்தைக் கூத்து கட்டுறீங்களாமே."

"ஆமாங்க. நீங்களும் அதுல வர்றீங்க. வந்து பாத்து, தப்பு இருந்தா சொல்லணும். நாங்க மாத்திக்குவோம்."

கெஞ்ச வந்திருப்போம் என்று கலியமூர்த்தி எதிர்பார்த்திருப்பார் போல. என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியைப் பார்த்தேன்.

"வர்றேன்" என்றார். "முன்னாடி நாற்காலி போட்டு உக்காருறேன். எவன் எவன் சிரிக்கிறான், எவ எவ கை தட்டுறான்னு பாக்குறேன். நாளைக்கு அத்தனை பேரும் என் வாய்க்கால்லதான் தண்ணி பாய்ச்சணும்."

"முன்னாடியே நாற்காலி போட்டு வைக்கிறோங்க."

உள்ளே கதவோரம் அவர் மனைவி காந்திமதி நின்றிருந்தார். நாங்கள் திரும்பும்போது, "ஆரம்பிக்கிறது எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார். கலியமூர்த்தி தலையைத் திருப்பிய வேகத்தில் கதவு சாத்திக்கொண்டது.

கொம்யூன் பஞ்சாயத்துக்கு எழுதி, காவல் நிலையத்தில் மைக்குக்கு அனுமதி வாங்கி, சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் நாடகம் தொடங்கியது. நான்கு பெஞ்சு போட்டு மேலே பலகை அடித்த மேடை. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நடுவில், முன்னால், சொன்னபடி ஒரு நாற்காலி. கலியமூர்த்தி வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். காந்திமதி பெண்கள் பக்கம் மண்ணில் உட்கார்ந்தார். ராஜாத்தி மேடைக்குப் பக்கவாட்டில், குழுவோடு.

அவ்வளவு அமைதியான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அஞ்சலை கலியமூர்த்தியாக வேஷம் கட்டி வந்தாள். அவளுக்குப் பெரிய மீசை. உதட்டுக்கு மேல் கரிக்கட்டையால் காதுவரை இழுத்திருந்தார்கள். கிளிஞ்சல்மேடாக இருந்தால் அதற்கே சிரிப்பு பிய்த்துக்கொண்டு போயிருக்கும். இங்கே ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். எல்லோருடைய கண்ணும் மேடையைவிட அந்த நாற்காலியின் முதுகில்தான் இருந்தது. டைலரக்கா மேடைக்குப் பின்னால் துணி மறைப்பின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரதியோடு நான் பக்கத்தில் நின்றேன். நாடா அவர் வாயில் இல்லை. இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

விதைக்கிற காட்சி வந்தது. கோமதி மூட்டையை இறக்கினாள். ராஜாத்தி கேட்டுக்கொண்டபடி உண்மையான முளை கட்டிய விதை. அந்த மணம் திடலில் பரவியது. கோமதி ஒரு கை விதையை அள்ளினாள். வாயைத் திறந்தாள். மூடினாள். விசிறினாள். பலகையில் விதை விழும் சத்தம் மைக்கில் மழைத்தூறல் போலக் கேட்டது. இரண்டாவது கை அள்ளினாள். திடலில் யாரும் அசையவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தேன். பலர் குனிந்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்தக் குலவை வந்தது. ஒற்றைக் குலவை. முதலில் அது குலவையாகவே இல்லை. இருமலும் அழுகையும் கலந்த மாதிரி உடைந்து வந்தது. இரண்டாம் முறை தேறி, நீண்டு, திடலைத் தாண்டிப் போனது. போட்டவர் காந்திமதி. மண்ணிலிருந்து எழுந்து நின்று போட்டார்.

அடுத்து யார் எழுந்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரே நேரத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்தது. வாயில் விரல் வைத்து, நாக்கைச் சுழற்றி, வயதானவர்களும் பாவாடைப் பெண்களும் கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கியவர்களும் குலவை போட்டார்கள். கோமதி மூன்றாவது கை விதையோடு உறைந்துபோய் நின்றாள். பக்கவாட்டில் ராஜாத்தி துணி மறைப்பின் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பதறிவிட்டேன். "இது பிரதியில இல்லையேங்க. 'யாரும் போடவில்லை'ன்னுதானே இருக்கு. நிறுத்தச் சொல்லவா?"

"எதுக்கு?"

"நடந்தபடியே இருக்கணும்னு நீங்கதானே..."

அவர் மறைப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்ப நடக்குதே சார். இதுவும் நடந்ததுதானே." பிறகு இடுக்கில் கையை நீட்டி, விதை, விதை, நிறுத்தாதே என்று கோமதிக்குச் சைகை காட்டினார்.

கோமதி விதைத்தாள். ஒவ்வொரு கைக்கும் குலவை. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையிலெல்லாம் விதை. பிரதிப்படி அடுத்து கலியமூர்த்தி வேஷத்தில் அஞ்சலை பாய்ந்து வந்து, "யாரைக் கேட்டுடி விதைச்ச?" என்று கத்த வேண்டும். பாய்ந்து வந்தாள். "யாரைக்..." என்றாள். குலவை. மறுபடியும், "யாரைக் கேட்டு..." குலவை. ஏலக் கொட்டகையையே அடக்குகிற குரல் அங்கே எடுபடவில்லை. மூன்றாவது முறை அவள் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தபோது, கூட்டத்தின் குலவை அவளுக்குள்ளும் புகுந்துவிட்டது. காதுவரை மீசையோடு, வேட்டியை மடித்துக் கட்டியபடியே, வாயில் விரல் வைத்து அஞ்சலையும் குலவை போட்டாள்.

அதுவரை அடக்கியிருந்த ஆண்கள் பக்கம் வெடித்துச் சிரித்தது. கலியமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் போக வேண்டுமானால் பெண்கள் நிற்கிற வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியில் முதல் ஆளாக நின்றவர் அவர் மனைவி.

"உக்காருங்க" என்றார் காந்திமதி. கத்தவில்லை. வீட்டில் சோறு போட்டுவிட்டுச் சொல்கிற அதே குரல். "நாடகம் இன்னும் முடியல. அன்னைக்கு நான் ஜன்னல்கிட்ட நின்னேன். இன்னைக்கு இங்க நிக்கிறேன். பாத்துட்டுப் போவோம், உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

நாடகம் அதற்கு மேல் நடக்கவில்லை. ஊர்க் கூட்டமும் நியாயம் கேட்பதும் கடைசியில் நாற்று முளைப்பதுமாக இன்னும் நான்கு காட்சிகள் என் கையில் இருந்தன. ஒரு வசனத்தையும் விட்டுத்தராத டைலரக்கா அவற்றை என்னிடமிருந்து வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். ராஜாத்தியின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். மூட்டையில் மிச்சமிருந்த விதையை அவள் கையில் கொடுத்தார். ராஜாத்தி பெண்கள் பக்கம் பார்த்து விசிறினாள். அப்போது திறந்த வாயிலிருந்து குலவை வந்தது. அவளுடையது மெல்லிய குரல். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது.

டைலரக்கா இப்போது மகனோடு திருப்பூரில் இருக்கிறார். குழுவைக் கோமதி நடத்துகிறாள். அந்த நாடகம் பாண்டிச்சேரி விழாவுக்கும் போனது, வேறு பல ஊர்களுக்கும் போனது. குலவையைப் பிரதியில் சேர்த்து அடித்துத் தரட்டுமா என்று நான் கேட்டதற்கு, "வேணாம் சார். நாம விட்டுடுவோம். வர்ற ஊர்ல வரட்டும்" என்றார் டைலரக்கா. இன்றுவரை பிரதியில் 'யாரும் குலவை போடவில்லை' என்றே இருக்கிறது. குலவை வராத ஊர் ஒன்றும் இல்லை என்று கோமதி சொல்கிறாள்.

ஆனால் அந்த வாரம் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. குலவை போட்டாகிவிட்டது, தண்ணீர் என்ன ஆகுமோ என்ற பயம் மட்டும் இருந்தது. அடுத்த முறைத் தண்ணீர் விடுகிற நாள் வியாழக்கிழமை. விடிந்ததும் டைலரக்கா கடையைத் திறக்காமல் என் வாசலில் வந்து நின்றார். நெடுங்காட்டுக்குப் போனோம். வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு வரப்பில் நடந்தோம்.

கலியமூர்த்தி வயலில் தண்ணீர் நிறைந்து நின்றது. மடையருகே காந்திமதி, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் சேற்றை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் வரப்பின் மேல் கலியமூர்த்தி. தலையில் துண்டு. ராஜாத்தி எதிர் வரப்பில் நின்றாள்.

எங்களைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்தது. டைலரக்கா கும்பிட்டார். "தப்பு இருந்தா சொல்லுங்கன்னு சொல்லியிருந்தேங்க. நீங்க அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம போயிட்டீங்க."

அவர் தலைத் துண்டை அவிழ்த்து உதறினார். பிறகு சொன்னார்: "எனக்கு எந்தக் காலத்துலங்க அவ்வளவு பெரிய மீசை இருந்துச்சு?"

மண்வெட்டி நின்றது. "கல்யாணத்தப்ப இருந்துச்சு" என்றார் காந்திமதி நிமிராமலேயே.

"அது கல்யாணத்தப்ப. ராஜாத்தி விதைச்சப்ப நான் எடுத்துட்டேன்."

விதைச்சப்ப என்று அவர் வாயால் சொன்னதைக் கேட்டு ராஜாத்தி தலை தூக்கினாள்.

"சரிங்க" என்றார் டைலரக்கா, பிரதியில் குறித்துக்கொள்கிறவர் போலத் தலையை ஆட்டி. "அடுத்த ஊர்ல மீசை கிடையாது."

காந்திமதி கடைசிக் கட்டியைத் தூக்கி வீசினார். மடை வாய் திறந்து, தண்ணீர் முதலில் கொஞ்சம் தயங்கி, பிறகு நுரைத்துக்கொண்டு, ராஜாத்தியின் நாற்றுகளுக்குள் ஓடியது.